ஜிப்ஸியின் தரையை வெட்டுவதற்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

2021 அக்டோபரில் என் பழைய ஜிப்ஸியில் வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் மட்டும் நாற்பது. மழை நின்று சிறிது நேரமே ஆகியிருந்தது. ஒரு வளைவில் பிரேக்கை அழுத்தியபோது நான் அமர்ந்திருந்த இருக்கை வலப்பக்கமாக முன்னே சாய்ந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்ததால்தான் நிலைகுலையாமல் இருந்தேன். ஓரமாக நிறுத்தி, ரப்பர் விரிப்பைத் தூக்கி, அதன் அடியில் ஈரம் ஊறிக் கிடந்த கம்பளியைக் கையால் விலக்கினேன். இருக்கையின் முன் கால் பொருத்தப்பட்டிருந்த போல்ட்டு, தன்னைச் சுற்றியிருந்த தகட்டையும் பிய்த்துக்கொண்டு மேலே வந்திருந்தது. அந்த ஓட்டை வழியே சாலையின் தார் தெரிந்தது. அன்று காலை என் மகளை அதே வண்டியில் பள்ளியில் விட்டுவிட்டு வந்திருந்தேன் என்ற நினைவு வந்ததும் கை நடுங்கியது. இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கினேன்.

அது 2003இல் என் தந்தை வாங்கிய மாருதி ஜிப்ஸி, 1.3 லிட்டர் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின், மேலே துணிக்கூரை. வால்பாறையில் அவர் நடத்திய மளிகைக் கடைக்குப் பதினைந்து ஆண்டுகள் மூட்டை சுமந்த வண்டி. எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ ஒரு நாளும் பெரிய செலவு வைத்ததில்லை. அதனால்தான் நான் ஏமாந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. வண்டி நன்றாக ஓடும்வரை தரையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. வால்பாறையில் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை வாரக்கணக்கில் விடாது. துணிக்கூரையின் இடுக்கு வழியாகவும் நனைந்த செருப்புகள் வழியாகவும் உள்ளே வரும் நீர், ரப்பர் விரிப்புக்குக் கீழே உள்ள கம்பளியில் தங்கிவிடும். மேலே ரப்பர் மூடியிருப்பதால் வெயில் காலத்திலும் அது முழுதாகக் காய்வதில்லை. அடியிலோ சக்கரம் வாரி இறைக்கும் சேறு, தரையைத் தாங்கும் இரும்புச் சேனல்களின் மடிப்புகளில் அப்பிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. இப்படி மேலும் கீழும் ஒரே நேரத்தில் அரிக்கப்படும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தகடு இத்தனை ஆண்டுகள் தாங்கியதே பெரிது.

பழைய ஜிப்ஸியோ ஜீப்போ வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு மணி நேரம் ஒதுக்கிச் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. விரிப்பு, கம்பளி எல்லாவற்றையும் முழுவதுமாக வெளியே எடுத்துவிட்டு, திருப்புளியின் கைப்பிடியால் தரை முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்துப்போன தகடு மந்தமாகச் சத்தமிடும். சந்தேகம் வரும் இடத்தில் திருப்புளியின் முனையை வைத்து அழுத்துங்கள். ஒரு காந்தத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஒட்டாத இடத்தில் பட்டியோ ஃபைபரோ வைத்து யாரோ மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, தரையைத் தாங்கும் குறுக்குச் சேனல்களையும், சேஸின் (அடிச்சட்டத்தின்) மேல் பாடி உட்காரும் ரப்பர் புஷ்களைச் சுற்றியுள்ள இடங்களையும், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டின் உள்விளிம்பையும் பாருங்கள். மேலிருந்து தெரியும் ஓட்டை கையகலம் என்றால் கீழே கெட்டிருப்பது அதைப்போல மூன்று மடங்காவது இருக்கும். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது, ஆனால் அதை நான் ஓராண்டு கழித்துத்தான் அறிந்தேன்.

முதலில் நான் சென்றது பொள்ளாச்சிப் பக்கத்தில் உள்ள ஒரு டிங்கரிங் பட்டறைக்கு. பட்டறைகளில் இந்தத் தரையைப் 'பிளாட்பாரம்' என்றுதான் சொல்வார்கள். "பிளாட்பாரம் மாத்திடலாங்க, அஞ்சு நாள் வேலை" என்றார்கள். தொகை 28,000 ரூபாய். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஐந்து நாள் பன்னிரண்டு நாளானது. ஆனால் வண்டி திரும்பி வந்தபோது தரை கறுப்பாக, புதிதாக, உறுதியாக இருந்தது. மனம் நிறைந்து பணத்தைக் கொடுத்தேன். உண்மையில் அவர்கள் பழைய தகட்டை வெட்டவே இல்லை. துருவின் மேலேயே மெல்லிய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகட்டை வைத்து, ஓரங்களில் அங்கங்கே வெல்டிங் வைத்து, மேலும் கீழும் தார் பூசியிருந்தார்கள். இரண்டு தகடுகளுக்கு இடையில் ஒரு நூல் அளவு இடைவெளி. அதில் நுழைந்த நீர் வெளியேற வழியே இல்லை. இரும்பு துருவாக மாறும்போது தன் பழைய கனத்தைவிடப் பல மடங்கு பருத்துவிடும். அதனால் அந்த இடுக்கில் உருவான துரு, வெல்டிங் புள்ளிகளையே தள்ளிப் பிரித்தது. 2022 பருவமழை முடிந்து செப்டம்பரில் விரிப்பைத் தூக்கியபோது, புதிய தகடு அப்பளம் போல உப்பியிருந்தது. 28,000 ரூபாய் போனதைவிட, ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தத் தரையை நம்பி என் குடும்பத்தை ஏற்றிச் சென்றேன் என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது. ஆகவே, பட்டறையில் விடும்போதே ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுங்கள்: பழைய தகட்டை வெட்டி எடுத்த பிறகு, புதியதை வைப்பதற்கு முன், நீங்கள் நேரில் வந்து பார்ப்பீர்கள். அதற்குச் சம்மதிக்காத இடத்தில் வண்டியை விட வேண்டாம்.

இரண்டாம் முறை வேலையை என் கண் முன்னாலேயே செய்விக்க முடிவு செய்தேன். மாதம் 4,000 ரூபாய் வாடகைக்கு ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்து, 2023 ஜனவரியில் வண்டியை உள்ளே நிறுத்தினேன். அந்தப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஜீப் வேலை பார்த்த ஒரு டிங்கரிங் மேஸ்திரி நாள் கூலிக்கு வரச் சம்மதித்தார்; ஆனால் கையில் இருந்த வேலையை முடித்துவிட்டு மூன்று வாரம் கழித்துத்தான் வருவேன் என்றார். அதுவரை வண்டியைப் பிரித்து வைப்போம் என்று தொடங்கினேன். இருக்கைகள், நடுவில் உள்ள கியர் உறைகள், சீட் பெல்ட்டுகள், தரையோடு ஓடும் வயர் கட்டு எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு மேலே எழுதி வைத்தேன். நான் சரியாகச் செய்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும். நான்கு மாதம் கழித்து எந்த போல்ட்டு எங்கே என்று எந்த மனிதருக்கும் நினைவிருக்காது. பாடி மவுண்ட் போல்ட்டுகளுக்குத் தினமும் மாலையில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் ஸ்பானர் வைத்தேன். அப்படியும் இரண்டு முறிந்தன. அவற்றைச் சூடாக்கிக் கழற்ற முயல வேண்டாம்; பக்கத்திலேயே ரப்பர் புஷ் இருக்கிறது, தீப்பிடிக்கும். கிரைண்டரால் அறுத்துவிட்டுப் புது போல்ட்டு போடுவதே பாதுகாப்பு.

அதன் பிறகு நான் செய்த தவறுதான் இதை எழுதுவதற்கே காரணம். பிரிக்கும் வேலை பத்து நாளில் முடிந்துவிட்டது. மேஸ்திரி வர இன்னும் நாள் இருந்தது. வெறுமனே காத்திருக்க மனம் கேட்காமல், ஒரு சனி, ஞாயிறில், கட்டிங் வீலைப் போட்டு இரண்டு பக்கத் தரையையும் நானே வெட்டி எடுத்துவிட்டேன். அரித்துப்போயிருந்த இரண்டு குறுக்குச் சேனல்களையும் சேர்த்தே அறுத்தேன். மேஸ்திரி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஏனுங்க தம்பி, வெட்டறதுக்கு முன்னாடி கதவு இடைவெளியை அளந்து எழுதி வெச்சீங்களா?" நான் வைக்கவில்லை. அவர் ஓட்டுநர் பக்கக் கதவைப் பொருத்திச் சாத்திப் பார்த்தார். பின்புற மேல் மூலை தூணில் இடித்து நின்றது. அளவு நாடாவை வைத்து வாசலை மூலைக்கு மூலை குறுக்கே அளந்தபோது, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் 11 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. பாடி தொய்ந்துவிட்டது.

கூரை உள்ள காரில் தூண்களை மேலே கூரை பிடித்துக்கொண்டிருக்கும். துணிக்கூரை போட்ட ஜிப்ஸியில் முன்தூணையும் பின்பக்கத் தொட்டியையும் இணைத்து வைத்திருப்பவை தரையும் ரன்னிங் போர்டும் மட்டும்தான். இரு பக்கத் தரையையும் ஒரே நேரத்தில் வெட்டி எடுத்தால் பாடி தன் எடையாலேயே நடுவில் தொய்ந்து, கதவு வாசல் மேலே குறுகிவிடும். அந்த நிலையில் புதுத் தரையை வெல்டிங் வைத்திருந்தால் வண்டி வாழ்நாள் முழுவதும் அந்தக் கோணலிலேயே உறைந்திருக்கும். அதனால் வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை இவை. கதவுகளைப் பொருத்திய நிலையில் சுற்றிலும் இடைவெளியை அளந்து சுவரிலேயே எழுதி வையுங்கள். வாசலின் மூலைவிட்டங்களை இரு பக்கமும் அளந்துகொள்ளுங்கள். பிறகு கதவைக் கழற்றி, ஒன்றே கால் அங்குலச் சதுரக் குழாயை முன்தூணிலிருந்து பின்தூணுக்கு நேராக ஒன்றும் சாய்வாக ஒன்றும் வைத்து டேக் வெல்டிங் (புள்ளி புள்ளியாகத் தற்காலிக வெல்டிங்) வையுங்கள். இடமிருந்து வலமாகவும் குறுக்கே ஒரு குழாய் வேண்டும். வண்டி சமதளத்தில், நான்கு சக்கரங்களிலும் அல்லது சேஸின் கீழ் வைத்த தாங்கிகளில், சமமாக நிற்க வேண்டும். இதற்குப் பிறகும் ஒரு பக்கத் தரையை முழுதாக முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். குழாய்க்கு ஆகும் செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. அதை வைக்காத காரணத்தால், ஸ்க்ரூ ஜாக்கியை வைத்து நாளுக்கு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டராகப் பாடியைத் தூக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவர 16 நாள் கூலி கொடுத்தேன். அந்த நாள்களில் ஒரு இரவு கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, வண்டியை எடைக்குப் போட்டுவிடலாமா என்று நினைத்து அழுதேன். எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதை அதுவரை மனைவியிடம் முழுதாகச் சொல்லவும் இல்லை. சொன்ன பிறகு மனம் இலேசானது. கணக்கை அவரே எழுதத் தொடங்கினார்.

தகடு வாங்குவதில் மேஸ்திரி மிகவும் கண்டிப்பாக இருந்தார். 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர், சி.ஆர். (பூச்சில்லாத, குளிர்நிலையில் உருட்டிய) தகடுதான் வேண்டும் என்றார். எட்டுக்கு நான்கு அடியில் இரண்டு தகடுகள் கோவையிலிருந்து வாங்கினோம். இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 56 கிலோ. கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெல்லியதாகும். 20 கேஜ் இருக்கைக்கு அடியில் தாங்காது. 16 கேஜைத் தரைக்குப் போட்டால் பழைய மெல்லிய விளிம்போடு சேர்த்து வெல்டிங் வைக்கும்போது பழையதுதான் உருகி ஓட்டையாகும். 16 கேஜைக் குறுக்குச் சேனல்களுக்கு மட்டும் பயன்படுத்தினோம். ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காதே என்று கேட்டேன். வெல்டிங் வைக்கும் இடத்தில் அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து போய்விடும், அந்த வெண்புகையைச் சுவாசித்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும் என்று சொல்லி மறுத்துவிட்டார். அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் முதலில் அட்டையில் அச்சு எடுத்தோம். தகட்டில் வெட்டிய பின் தெரியும் தவறு பணம். அட்டையில் தெரியும் தவறு அட்டை மட்டும்தான். இன்னொன்றும் முக்கியம். தட்டையான தகட்டை அப்படியே பொருத்தினால் ஓடும்போது தகர டப்பா போல அதிரும். தொழிற்சாலைத் தரையில் வரிவரியாக மேடு பள்ளம் இருப்பது அழகுக்காக அல்ல. எங்களுக்கு அந்த வரி போடும் உருளை இயந்திரம் கிடைக்காததால், தகடு மடிக்கும் பிரஸ்ஸில் கொடுத்து மிக இலேசான மடிப்புகளைப் போட்டு வாங்கினோம்.

வெல்டிங்கிற்கு சி.ஓ.2 இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தோம், கம்பி 0.8 மில்லிமீட்டர். சாதாரணக் குச்சி வெல்டிங் இந்தத் தகட்டை ஓட்டையாக்கும், கேஸ் வெல்டிங் சூட்டைப் பரப்பித் தகட்டை நெளிய வைக்கும். ஒரே கோடாக இழுத்துக்கொண்டு போகாமல், ஓர் அங்குலம் இங்கே, அடுத்தது ஓரடி தள்ளி, மூன்றாவது மறுமுனையில் என்று மாற்றி மாற்றி டேக் வைத்து, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே இடைவெளிகளை நிரப்ப வேண்டும். சேனலின் மேல் தரை உட்காரும் இடங்களில், புதுத் தகட்டில் 8 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, அந்தத் துளை வழியாகக் கீழேயுள்ள சேனலோடு சேர்த்து வெல்டிங்கால் நிரப்பினோம். ஒன்றன்மேல் ஒன்று படியும் இரண்டு முகங்களிலும் வெல்டிங் தாங்கும் ஜிங்க் பிரைமரை முதலிலேயே அடித்துவிட வேண்டும். பிறகு அங்கே பிரஷ் நுழையாது. இருக்கை போல்ட்டும் சீட் பெல்ட்டும் பொருந்தும் இடங்களில் அடியில் 3 மில்லிமீட்டர் பட்டை வைத்தோம். சீட் பெல்ட்டுக்கு 7/16 அங்குல நுண்மரை நட்டுதான் வர வேண்டும். கையில் கிடைத்த நட்டை வைத்து ஒப்பேற்றும் இடம் அது இல்லை. உயிர் அந்த நட்டில்தான் இருக்கிறது.

தீயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேட்டரியையும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.எம். பெட்டியையும் வெளியே எடுத்திருந்தோம், பெட்ரோல் டேங்கையும் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே வைத்திருந்தோம். ஆனால் காலடிச் சுவரின் பின்பக்கம், சத்தம் குறைப்பதற்காக ஒட்டியிருந்த தார்ப்படலத்தை நான் சுரண்டாமல் விட்டிருந்தேன். முன்பக்கம் டேக் வைத்தபோது பின்னால் அது பற்றிக்கொண்டது. வெல்டிங் முகமூடிக்குள் இருப்பவருக்கு அது தெரியாது. உதவியாளர் நனைத்த சாக்கை அழுத்தி அணைத்தார்; வயர் கட்டில் ஒரு சாண் கருகியது. வெல்டிங் வைக்கும் இடத்தின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க, கையில் தீயணைப்பானோடு, இன்னொருவர் கட்டாயம் இருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் யாராவது இருக்க வேண்டும்.

ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தனியாக நீரைத் தடுக்காது. மேலே பெயின்ட் இல்லாவிட்டால் ஈரம் ஊடுருவும். நாங்கள் இரண்டு பக்கமும் எபாக்ஸி பிரைமர், பிறகு எல்லா இணைப்புகளிலும் இடுக்கை அடைக்கும் பி.யு. சீலன்ட், அதன் மேல் பெயின்ட், அடியில் ரப்பர் கலந்த பூச்சு என்ற வரிசையில் போனோம். சேனல்களின் உட்புறத்துக்கு நீண்ட குழாய் வைத்து மெழுகு தெளித்தோம். வெளியே எத்தனை பூச்சு அடித்தாலும் சேனல் உள்ளிருந்துதான் அரிக்கும். தரையில் நீர் வடிவதற்கான துளைகளை நான்கு இடங்களில் விட்டு ரப்பர் மூடி போட்டோம்.

இவ்வளவுக்குப் பிறகும், நீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் விரிப்பைப் போட்டிருந்தால் ஐந்து ஆண்டில் மீண்டும் இதே இடத்துக்குத்தான் வந்திருப்பேன். மேஸ்திரி என்னை உள்ளே டார்ச்சோடு படுக்க வைத்துவிட்டு, குழாயால் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் நீர் விட்டார். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்று தெரியாது. முன் கண்ணாடியின் கீழ் ரப்பர், வலது மூலையில், மெல்லிய கோடாக நீரை விட்டுக்கொண்டிருந்தது. அந்த நீர் சுவர் வழியே இறங்கி நேராக இருக்கை போல்ட்டின் அருகில் தேங்கியது. புது ரப்பரின் விலை 2,800 ரூபாய்.

வேலை முடிய நான்கரை மாதமானது. மேஸ்திரிக்கு 38 நாள், நாளுக்கு 1,200 ரூபாய் வீதம் 45,600, உதவியாளருக்கு 26,600, கொட்டகை வாடகை 18,000, புஷ், போல்ட்டுகள் 11,500, பிரைமர், சீலன்ட், மெழுகு வகையில் 14,300, தரைப் பெயின்ட் 9,000, வெல்டிங் இயந்திர வாடகையும் கேஸும் கம்பியும் 15,400, தகடும் மடிப்புக் கூலியும் 8,500. கண்ணாடி ரப்பரையும் சேர்த்தால் 1,51,700 ரூபாய். முதல் பட்டறையில் இழந்ததையும் கூட்டினால் 1,79,700. புதுத் தகட்டின் விலை இதில் மிகச் சிறிது. கொட்டகையில் செலவானதில் ஏறத்தாழப் பாதி நாள் கூலி. பாடி தொய்ந்த 16 நாளுக்கு மட்டும் 30,400 ரூபாய்.

அந்த ஆண்டு அக்டோபரில் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கான விண்ணப்பமான படிவம் 25ஐக் காலாவதி நாளுக்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்கலாம். 2022 ஏப்ரல் முதல் பதினைந்து ஆண்டு கடந்த கார்களுக்கான கட்டணம் 5,000 ரூபாயாகியிருந்தது. வண்டியை நேரில் காட்ட வேண்டும் என்பதால், தரை வேலை உள்ளவர்கள் குறைந்தது ஆறு மாதம் முன்பே தொடங்குவது நல்லது. எனக்கு ஐந்து ஆண்டு நீட்டிப்பு கிடைத்தது.

இப்போது விரிப்பைப் பசை போட்டு ஒட்டுவதில்லை; கம்பளியும் போடுவதில்லை. மழைக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் விரிப்பை எடுத்துச் சுவரில் சாய்த்து வைக்கிறோம். சென்ற ஜூலையில் இடப்பக்கக் காலடியில் உள்ளங்கை அளவு ஈரம் தெரிந்தது. மகள்தான் முதலில் பார்த்தாள். வயர் கட்டு நுழையும் ரப்பர் வளையம் விரிந்திருந்தது. தரைத் துளையின் மூடியைக் கழற்றி நீரை வடித்து, அன்று மாலையே வளையத்தை மாற்றினேன்.